புது வீடு, அடுத்த கிழமை பூச்சு: கார் சார்ஜுக்கு இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்?

வயலோரம் எழுதியது:

வணக்கம். முரசுமோட்டையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சுவர் எழும்பிக் கூரையும் போட்டாயிற்று. உள்பூச்சு அடுத்த கிழமை தொடங்குவதாக மேசன் சொல்லியிருக்கிறார், அதனால்தான் இந்த அவசரம்.

நான் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். போய் வர ஒரு நாளைக்கு ஏறக்குறைய 60 கிலோமீற்றர் வரும். இப்போது ஸ்கூட்டியில்தான் ஓடுகிறேன், மாரி காலத்தில் அந்த வீதியில் நனைந்து போவது எப்படி என்று பரந்தன் முல்லைத்தீவு வீதியில் ஓடுகிறவர்களுக்குத் தெரியும். 2022 இல் பெற்றோலுக்காக விடிய விடிய வரிசையில் நின்றதையும் நான் மறக்கவில்லை, இரண்டு லீற்றருக்காகப் பாடசாலைக்கு லீவு போட்ட நாட்களும் உண்டு. அதனால் கார் என்று ஒன்று வாங்கினால் மின்சாரக் கார்தான் என்று வீட்டில் முடிவெடுத்துவிட்டோம். இப்போது வாங்கக் காசில்லை, வீட்டு வேலை முடிந்து மூச்சு விட இரண்டு மூன்று வருடமாவது போகும். பழைய நிசான் லீஃப் ஒன்றாக இருக்கலாம், அல்லது 2025 இல் இறக்குமதி திரும்பத் திறந்தபிறகு வருகிற புதிய கார்களில் ஒன்றாக இருக்கலாம், எதுவென்று தெரியாது.

பிரச்சினை என்னவென்றால் எங்கள் மெயின் போர்ட் பின்பக்கம் சமையலறைச் சுவரில், கார் விடப்போவது முன் போர்ட்டிக்கோவில். வயர் போகக்கூடிய வழியால் டேப் பிடித்து அளந்தேன், 22 மீற்றர் வருகிறது. வயரிங் செய்பவர் ஹோலுக்குப் போகும் பிளக் லைனிலிருந்தே ஒன்றை இழுத்துப் போர்ட்டிக்கோவில் ஒரு பிளக் வைத்தால் போதும் என்கிறார். மேசன், கார் வரட்டும், அப்போது சுவரை வெட்டலாம் என்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா இப்போதே பெரிய சார்ஜர் ஒன்றை வாங்கிப் பூட்டச் சொல்கிறார், காசு அனுப்புவதாகவும் சொன்னார். மூன்று பேர் சொல்வதும் மூன்று விதம். மின்சாரம் ஒற்றைப் பேஸ் 30 அம்பியருக்குத்தான் விண்ணப்பித்திருக்கிறோம், அதை மூன்று பேஸாக மாற்ற வேண்டுமா? எந்த அளவு வயர்? இன்னொன்று, 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது எங்கள் வளவுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. இந்தமுறை அத்திவாரத்தை உயர்த்தித்தான் கட்டியிருக்கிறோம், ஆனால் போர்ட்டிக்கோ தரை வளவு மட்டத்துக்குக் கிட்டத்தான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஓமந்தை ஓட்டம் எழுதியது:

ரீச்சர், நான் லீஃப் வைத்திருக்கிறேன், 24 கிலோவாட் மணி பற்றறி உள்ள பழையது. வயரிங் பற்றிப் பெரிதாகத் தெரியாது, எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் எட்டு மாதம் நானும் உங்கள் வயரிங்காரர் சொன்ன மாதிரித்தான் செய்தேன். களஞ்சிய அறையில் இருந்த 13 அம்பியர் சொக்கற்றில் காரோடு வந்த வயரைச் செருகினேன். அதே லைனில் குளிர்சாதனப் பெட்டியும் ஓடியது. ஒரு நாள் அதிகாலை மனைவி எழும்பி ஏதோ கருகிய மணம் வருகிறது என்றார், அடுப்படியில் தேடினோம், வெளியில் தேடினோம், கடைசியில் பார்த்தால் சொக்கற். பிளக்கைக் கழற்ற இழுத்தேன், வரவில்லை. பிளாஸ்டிக் உருகி இரண்டும் ஒன்றாக ஒட்டியிருந்தது. மெயினை நிறுத்திவிட்டுத் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஒரு வயரின் திருகாணி சரியாக இறுக்கப்படாமல் கிடந்தது, அந்த இடத்தில் செம்பு கறுத்துப் போய், சுற்றியிருந்த உறை பப்படம் மாதிரி நொறுங்கியது. டிரிப் சுவிச் விழவேயில்லை. ஏன் விழவில்லை என்று பிறகு கேட்டேன், அது மின்சாரம் எர்த்துக்குக் கசிவதைத்தான் பார்க்குமாம், ஒரு மூட்டு சூடாவது அதற்குத் தெரியாதாம். பிரேக்கருக்கும் தெரியாது, ஏனென்றால் ஓடியது 10 அம்பியர்தான்.

கேத்தல் மூன்று நிமிடத்தில் நின்றுவிடும், அயன் அரை மணித்தியாலம். கார் அப்படியில்லை, ஆறு ஏழு மணித்தியாலம் விடாமல் இழுக்கும், அதுவும் எல்லாரும் நித்திரையில் இருக்கும் நேரம். அதனால் ஹோல் லைனிலிருந்து எடுக்க விடாதீர்கள், தயவுசெய்து. அந்த மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.


மாங்குளம் வயர்மன் எழுதியது:

ரீச்சர், மேசனைக் கூப்பிட்டு இன்னும் மூன்று நாள் பொறுக்கச் சொல்லுங்கள். இப்போது சுவரில் காடி வெட்டிப் பைப் பதிக்க ஒரு நாள் வேலை. பூசிப் பெயின்ற் அடித்து நிலத்துக்கு மாபிள் போட்டபிறகு வெட்டினால் 22 மீற்றருக்கும் அழுக்கும் செலவும், அப்புறம் பொருந்தாத பெயின்ற் கோடு ஒன்று ஆயுளுக்கும்.

முதலில் உங்கள் தேவையைக் கணக்கிடுவோம். ஒரு யூனிற்றுக்குச் சாதாரணமாக 6 கிலோமீற்றர் ஓடும் என்று வையுங்கள், 60 கிலோமீற்றருக்கு 10 யூனிற், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 11. பிளக்கில் செருகும் சிறிய சார்ஜர் 10 அம்பியர் இழுத்தால் 2.3 கிலோவாட், ஐந்து மணித்தியாலத்தில் அந்த நாளின் ஓட்டம் திரும்ப ஏறிவிடும். ஆக உங்கள் வேலைக்கு 7 கிலோவாட் சார்ஜர் கட்டாயமில்லை. அண்ணாவிடம் காசை வயருக்கும் எர்த்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள். சார்ஜரை இப்போது வாங்கினால் இன்னொரு சிக்கலும் உண்டு, ஜப்பானிலிருந்து வந்த லீஃபுக்குச் சார்ஜ் வயர் செருகும் வாய் டைப் 1, இப்போது வரும் பிவைடி போன்றவற்றுக்கு டைப் 2, எந்தக் கார் என்று தெரியாமல் வயரோடு வரும் சார்ஜரை வாங்கிச் சுவரில் மூன்று வருடம் வெயில் காயவிடுவதில் பிரயோசனம் இல்லை.

இனி வயர். போர்ட்டிலிருந்து போர்ட்டிக்கோ வரை தனி லைன், நடுவில் எந்த மூட்டும் இல்லாமல், வேறு ஒரு லைற் கூட அதில் எடுக்காமல். இன்றைய தேவைக்கு 4 எம்.எம். (நாம் எம்.எம். என்று சொல்வது செம்பின் குறுக்குவெட்டு, சதுர மில்லிமீற்றரில்) போதும், ஆனால் நான் 6 எம்.எம். போடச் சொல்வேன். 22 மீற்றரில் 6 எம்.எம். வயரில் 32 அம்பியர் ஓடினாலும் 5 வோல்ற் அளவுதான் விழும். தூரம் 40 மீற்றருக்கு வருகிறவர்கள், படலைக்குப் பக்கத்தில் தனிக் கராஜ் வைப்பவர்கள், 10 எம்.எம். யோசியுங்கள், ஏனென்றால் நம் பக்கம் லைன் முடிவில் இருக்கும் வீடுகளுக்கு மாலையில் வருகிற வோல்ற்றே குறைவு, அதில் நாமும் விழுத்தக் கூடாது. இப்போது வயருக்குக் காசு இல்லையென்றால் பைப்பை மட்டும் பதியுங்கள். ஒரு அங்குலத்துக்குக் குறையாத பைப், உள்ளே நைலோன் கயிறு ஒன்று விட்டு இரண்டு பக்கமும் கட்டி வையுங்கள். மூலைகளில் எல்போ போட விடாதீர்கள், நீளமான பென்ட் போடச் சொல்லுங்கள், எல்போவுக்குள்ளால் 6 எம்.எம். மூன்று வயரை இழுத்துப் பார்த்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். பைப்பின் வாயை மறக்காமல் மூடியால் அடையுங்கள். போன வருடம் நெடுங்கேணியில் ஒரு வீட்டில் திறந்து விட்ட பைப்புக்குள் குளவி மண்ணால் கூடு கட்டி, கயிறும் வராமல் காற்றும் போகாமல் சிமெந்து மாதிரி இறுகிவிட்டது, கடைசியில் சுவரை வெட்டத்தான் வேண்டி வந்தது.

மெயின் போர்ட்டை வாங்கும்போது நான்கு இடமாவது மிச்சம் இருக்கிற பெரிய பெட்டியாக வாங்குங்கள். விலை வித்தியாசம் சொற்பம்.

டிரிப் சுவிச் பற்றிக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள், இதில்தான் நம் ஆட்கள் கூடப் பிழை விடுகிறோம். நீங்கள் படிப்பிப்பவர், ஆடலோட்டம் நேரோட்டம் தெரியும். காரின் உள்ளே ஆடலோட்டம் நேரோட்டமாக மாறித்தான் பற்றறிக்குப் போகிறது, ஏதாவது பழுது வந்தால் கொஞ்சம் நேரோட்டம் கசிந்து வீட்டு வயருக்குள் திரும்பலாம். சாதாரணமாக வீடுகளில் பூட்டுகிற ஏசி வகை டிரிப் சுவிச் இந்த நேரோட்டக் கசிவால் மரத்துப் போய்விடும், பிறகு ஒரு பிள்ளை வேறு எங்கோ ஷொக் அடிபட்டாலும் விழாமல் இருக்கக் கூடும். அதனால் கார் லைனை வீட்டு டிரிப் சுவிச்சுக்குப் பின்னால் எடுக்காமல், மெயின் சுவிச்சிலிருந்து நேரே பிரித்து, அதற்கென்று 30 மில்லி அம்பியர் ஏ வகை ஒன்று பூட்ட வேண்டும். சுவரில் பூட்டும் சார்ஜர் வாங்கும் காலத்தில், அது 6 மில்லி அம்பியர் நேரோட்டக் கசிவைத் தானே கண்டு நிறுத்துமா என்று பாருங்கள், நிறுத்தும் என்றால் ஏ வகை போதும், இல்லையென்றால் விலை கூடிய பி வகை வேண்டும். கடையில் எப்படி அடையாளம் காண்பது என்றால், முகப்பில் ஒரு அலைக்கோடு மட்டும் இருந்தால் ஏசி வகை, அதற்குக் கீழே வெட்டி வெட்டி இரண்டு மேடு போட்ட கோடும் இருந்தால் ஏ வகை. கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னாலும் முகப்பைத் திருப்பிப் பாருங்கள்.

எர்த் பற்றிப் பிறகு எழுதுகிறேன், ஒரு வேலைக்குப் போக வேண்டும்.


ஸ்காபரோ மூலை எழுதியது:

தங்கச்சி, அண்ணாவைக் குறை சொல்ல முடியாது, இங்கே இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஒன்ராறியோவில் 2018 ஜனவரியிலிருந்து கொஞ்சக் காலம் ஒரு விதி இருந்தது, புதிதாகக் கட்டுகிற வீட்டில் 200 அம்பியர் போர்ட்டும், கார் விடும் இடம் வரை 27 மில்லிமீற்றர் வெற்றுப் பைப்பும், முடிவில் ஒரு பெட்டியும் இருக்க வேண்டும் என்று. கவனியுங்கள், சார்ஜர் கேட்கவில்லை, பைப்பும் பெட்டியும்தான். 2019 இல் அதை எடுத்துவிட்டார்கள். என் வீடு அதற்குப் பிறகு கட்டியது. நிலக்கீழ் அறையில் இருக்கிற போர்ட்டிலிருந்து கராஜ் வரை வயர் கொண்டுபோக, முடித்து அழகாக்கிய சீலிங்கை நான்கு இடத்தில் வெட்டினார்கள், சார்ஜரின் விலையை விட அந்த வெட்டு ஒட்டுக்குத்தான் எனக்குக் கூடச் செலவானது. மாங்குளம் அண்ணா சொல்கிற பைப்பைப் போடுங்கள், வேறு யோசனையே வேண்டாம்.


லண்டன் இணைப்பு எழுதியது:

இங்கிலாந்தில் 2022 ஜூன் 15 முதல் கட்டட விதிகளில் பாகம் எஸ் என்று ஒன்று வந்தது. வாகனம் விட இடமுள்ள புது வீட்டுக்கு 7 கிலோவாட்டுக்குக் குறையாத சார்ஜ் பொயின்ற் கட்டாயம். நான் இங்கே அந்த வேலைதான் செய்கிறேன். ஊரில் நான் பிறந்தது வற்றாப்பளைப் பக்கம், அதனால் இரண்டு இடத்தையும் வைத்துப் பார்த்து ஒன்று சொல்கிறேன்: இங்கே உள்ள அளவை அப்படியே அங்கே எடுக்காதீர்கள். இங்கே வீட்டு இணைப்பே 60, 80, 100 அம்பியர். உங்களுக்கு மொத்தமே 30 அம்பியர், அதாவது 6.9 கிலோவாட். 32 அம்பியர் சார்ஜரைத் தனியாக ஓட விட்டாலே அந்த எல்லை தாண்டிவிடும், அதோடு தண்ணீர் மோட்டரும் ஓடினால் இருட்டுத்தான். பிற்காலத்தில் வாங்கும் சார்ஜர் 10, 13, 16 என்று அம்பியரைக் குறைத்து வைக்கக் கூடியதா என்று பாருங்கள். 16 இல் வைத்தால் 3.7 கிலோவாட், உங்கள் நாளாந்த ஓட்டத்துக்கு மூன்று மணித்தியாலம். ஒற்றைப் பேஸே போதும்.

சார்ஜர் பெட்டி வைக்கும் இடத்தையும் இப்போதே தீர்மானியுங்கள். லீஃபுக்கு வாய் முன் மூக்கில் இருக்கிறது, வேறு கார்களுக்கு முன் பக்கவாட்டில் அல்லது பின்னால். போர்ட்டிக்கோவின் முன்மூலைத் தூணுக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையில், ஐந்து மீற்றர் வயர் எந்தப் பக்கத்துக்கும் எட்டுகிற மாதிரி ஒரு இடம் பிடியுங்கள், ஆட்கள் நடக்கிற வாசலுக்குக் குறுக்கே வயர் கிடக்கக் கூடாது.


வயலோரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஓமந்தை அண்ணா எழுதியதை வயரிங் செய்பவருக்கு வாசித்துக் காட்டினேன், கேட்டுக்கொண்டார், தனி லைனுக்குச் சம்மதித்துவிட்டார். மூன்று பேஸ் இனி யோசிக்கவில்லை. வெள்ளம்தான் இன்னும் பயம். அதோடு மாங்குளம் அண்ணா எர்த் பற்றி எழுதுவதாகச் சொன்னீர்கள், காத்திருக்கிறேன்.


மாங்குளம் வயர்மன் எழுதியது:

வந்துவிட்டேன். மூன்று பேஸ் பற்றி ஒரு சொல்: பிறகு எப்போதாவது வேண்டுமென்றால் முதலில் உங்கள் வீதிக் கம்பத்தைப் பாருங்கள், இரண்டு கம்பி மட்டும் வருகிற ஒழுங்கைகள் வன்னியில் நிறைய, அங்கே மூன்று பேஸ் கேட்டால் லைன் இழுக்கவே பெரிய செலவு.

வெள்ளத்துக்கு வழி சுலபம். 2018 இல் தண்ணீர் நின்ற மட்டம் வளவில் ஏதாவது ஒரு மரத்திலோ கிணற்றுக் கட்டிலோ ஊரில் எல்லாருக்கும் தெரியும், அதிலிருந்து மூன்று அடி உயர்த்திப் பெட்டியை வையுங்கள். மெயின் போர்ட்டும் அப்படித்தான். பைப்பை நிலத்துக்குள்ளால் கொண்டுபோகாமல் சுவரில் லிண்டல் மட்டத்தில் ஓட்டிப் போர்ட்டிக்கோவில் மேலிருந்து கீழே இறக்குங்கள், தண்ணீருக்கு அங்கே வேலையில்லை. நிலத்தால்தான் போக வேண்டும் என்கிறவர்கள் இரண்டு அடி ஆழம் வெட்டி, மணல் போட்டு, மேலே ஒரு வரிசை கல் அடுக்கி மூடுங்கள், நாளைக்கு வாழைக்குழி வெட்டுகிறவரின் மண்வெட்டி முதலில் கல்லில் படட்டும். வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் வயரைக் கழற்றிவிட்டு அந்த லைன் பிரேக்கரை இறக்கிவிடுங்கள், காரை மேட்டுக்குக் கொண்டுபோங்கள்.

இப்போது எர்த். நம் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் எர்த் அந்த வீட்டு நிலத்தில் இறக்குகிற றொட்தான், அது சரியில்லையென்றால் டிரிப் சுவிச்சையும் நம்ப முடியாது. மின்சாரக் கார் வந்த பிறகு இது ஆட்களுக்குக் கண்ணால் தெரிய வருகிறது, ஏனென்றால் பல சார்ஜர்கள் எர்த்தைச் சோதித்துப் பார்த்துச் சரியில்லையென்றால் ஏற்ற மறுக்கும். ஒட்டுசுட்டானில் ஒரு வீடு, கிரவல் மண். தை மாசியில் ஒரு கரைச்சலும் இல்லாமல் ஏறிய கார், ஆவணியில் சிவப்பு வெளிச்சம் காட்டி நின்றுவிட்டது. சார்ஜர் பழுது என்று கொழும்புக்கு அனுப்பப் போனார்கள். நான் போய் எர்த் றொட்டைப் பார்த்தேன், சுற்றி மண் வெடித்து, றொட்டைக் கையால் ஆட்டினால் ஆடியது. ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அடியில் ஊற்றினேன், கொஞ்ச நேரத்தில் பச்சை. வீட்டுக்காரருக்கு நம்பவே முடியவில்லை. அது வைத்தியம் அல்ல, அடுத்த நாள் திரும்பக் காய்ந்துவிடும். இரண்டாவது றொட் ஒன்றை, முதலாவதன் நீளத்துக்குக் குறையாத தூரத்தில் ஆழமாக அடித்து இரண்டையும் வயரால் சேர்த்தோம், குளியலறைத் தண்ணீர் போகிற பக்கமாகப் பார்த்து. முரசுமோட்டை வயல் மண், ஈரம் பிடித்திருக்கும், உங்களுக்கு அவ்வளவு கஷ்டம் இராது. ஆனாலும் எர்த்தை மீற்றர் வைத்து அளந்து இலக்கத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், அதுவும் ஆடி ஆவணி வறட்சியில் ஒருமுறை. மழைக்குள் அளந்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்துத்தான்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் நேரம் வயரைக் கழற்றி வையுங்கள். போர்ட்டில் மின்னலால் வோல்ற் திடீரென்று எகிறுவதைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு ஒன்றும் பூட்டினால் நல்லது, காருக்கு மட்டுமல்ல, ரிவி, மோட்டர் எல்லாவற்றுக்கும்.


குளத்தடி எழுதியது:

பில்லைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 11 யூனிற், பாடசாலை நடக்கும் 20 நாளுக்கு 220 யூனிற். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது, 180 தாண்டினால் கடைசிப் படி, உங்கள் சாதாரணப் பாவனையோடு இதைச் சேர்த்தால் கட்டாயம் தாண்டும். அதனால் கூரையிலிருந்து மெயின் போர்ட்டுக்கு இன்னொரு வெற்றுப் பைப்பையும் இப்போதே விட்டுவையுங்கள், சோலருக்கு. நான் அக்கராயனில் சோலர் போட்டிருக்கிறேன், பகலில் கார் வீட்டில் இல்லாவிட்டாலும் லைனுக்குக் கொடுத்த யூனிற்றைக் கணக்கில் கழிக்கிற முறை இருப்பதால் இரவில் ஏற்றுவது பாரமாகத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், பற்றறி இல்லாத சாதாரண சோலர், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு ஆபத்து வரக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய மாதிரி ஒரு காலம் திரும்ப வந்தால், கூரையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தாலும் கார் ஏறாது.

நேரம் பார்த்து அறவிடுகிற கட்டண முறையும் ஒன்று இருக்கிறது, இரவு 10.30 இலிருந்து காலை 5.30 வரை குறைவு, மாலை 6.30 இலிருந்து 10.30 வரை மிகக் கூட. உங்களுக்குக் கிடைக்குமா என்று விண்ணப்பம் கொடுத்த இடத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் 10.30 க்குப் பிறகு ஏற்றுவதே நல்லது, அந்த நேரம்தான் வோல்ற் நிமிர்ந்து நிற்கும்.


வயலோரம் எழுதியது:

மூன்று நாள் முடிந்தது, நடந்ததைச் சொல்கிறேன். லிண்டலுக்கு மேலால் காடி வெட்டிப் பைப் பதித்தாயிற்று, நான்கு பென்ட், ஒரு எல்போவும் இல்லை. அண்ணா அனுப்பிய காசில் 6 எம்.எம். வயரையே வாங்கி இழுத்துவிட்டோம், இரண்டு முனையும் ரேப் சுற்றிப் பெட்டிக்குள் இருக்கிறது, போர்ட்டில் இன்னும் சேர்க்கவில்லை. சோலருக்கு ஒரு வெற்றுப் பைப் தனியாக. ஏ வகை டிரிப் சுவிச்சைக் கிளிநொச்சியில் இரண்டு கடையில் கேட்டும் கிடைக்கவில்லை, மூன்றாவது கடையில் வவுனியாவிலிருந்து எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள், வரும்போது முகப்பில் இரண்டு கோடும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன். 2018 மட்டம் எங்கள் கிணற்றுக் கட்டில் கறையாகவே இருந்தது, அப்பா அதிலிருந்து மூன்றரை அடி அளந்து சுவரில் கரியால் கோடு போட்டார், பெட்டி அந்தக் கோட்டில். பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரிலும் டேப்பை விரித்துப் பிடித்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், நாளைக்கு ஆணி அடிக்கிறவர் பைப்பில் அடிக்காமல் இருக்க.

எர்த் ஆவணியில் அளந்து இங்கேயே எழுதுகிறேன்.


மாங்குளம் வயர்மன் எழுதியது:

நல்ல வேலை ரீச்சர். சோலர் பைப்பின் கூரைப் பக்கத்து வாயை மூடினீர்களா? குளவிக்கு அந்த இடம்தான் பிடிக்கும்.


வயலோரம் எழுதியது:

இல்லை அண்ணா, கீழ்ப்பக்கம் மட்டும்தான் மூடினோம். நாளைக் காலையில் ஏணி வைத்து மூடுவிக்கிறேன்.